மூளை நோய் ஆராய்ச்சியும் நால்வகைத் தானமும்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களின் பெயர்களை நம் இல்லத்துப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குமுன்பே சொல்லக் கற்றுக்கொள்கின்றனர். பசித்தவருக்கு உணவு, பிணியுற்றவருக்கு மருந்து, அறியாதவருக்கு அறிவு, அஞ்சும் உயிருக்கு அடைக்கலம். இந்நான்கும் ஒரே கொடியின் நான்கு மலர்கள் என்றே நம் பெரியோர் உரைத்துள்ளனர். ஆயினும் ஒரு துறையில் நான்காவது தானம் ஏனைய மூன்றினோடு மாறுபட்டு நிற்பதுபோல் தோன்றுகிறது. மனநோய்க்கும் மூளை நோய்க்கும் உரிய ஆராய்ச்சியே அத்துறை. அவ்வாராய்ச்சிக்கு அரசு பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும் என்று கேட்பது சமண இல்லறத்தாருக்குத் தகுமா என்பதை இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

இவ்வினாவை எழுப்பியவர் ஓர் இளம்பெண். மாதர் சங்கக் கூட்டமொன்றில் மனநலத்துக்கு அரசு ஒதுக்கும் தொகை போதாது என்று நாம் பேசினோம். அப்பெண் எழுந்து, "அந்தப் பணம் அதிகமானால் இன்னும் நிறைய எலிகளும் குரங்குகளும் சாகும், அவ்வளவுதானே அம்மா? அதை நாமே போய்க் கேட்கலாமா?" என்றார். அவையில் சிலர் சிரித்தனர். சிரிக்கத்தக்க வினா அன்று அது. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எமக்குக் கற்பித்த பேராசிரியை ஒருவர், மாணவர் வினாவுக்கு உடனே விடை இல்லையெனில் வினாவைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள் என்பார். அதனை இங்கே எழுதி வைக்கின்றோம்.

முதலில் வேறொரு தடையை நீக்கிவிட வேண்டும். நம்மவரில் சிலர், மனநோய் முன்வினையின் பயன், ஞானாவரணீய கர்மமும் அசாதா வேதனீய கர்மமும் உதயமாகியுள்ளன, அவற்றை அனுபவித்தே கழிக்க வேண்டும், ஆராய்ச்சி எதற்கு என்பர். கர்மக் கொள்கையை மறுக்க நாம் வரவில்லை. ஆனால் இவ்வாறு சொல்வோர் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அப்படிச் சொல்வதில்லை. வந்தவாசியிலோ ஆரணியிலோ மருத்துவரைத் தேடி ஓடுகின்றனர். வினையின் உதயத்துக்கு நிமித்தங்கள் உண்டு என்பதும், நிமித்தம் மாறினால் பயனின் வேகம் மாறும் என்பதும் நம் சாத்திரம் ஒப்பியவை. பிணியெல்லாம் வெறுமனே பொறுக்கத்தக்கவை என்றால் ஔஷதம் ஒரு தானமாக வகுக்கப்பட்டிராது. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்துகளின் பெயரையே தம் நூல்களுக்கு இட்டவர்கள் நம் சமணப் புலவர்கள். ஆகவே உடற்பிணிக்கு மருத்துவரும் மனப்பிணிக்கு வினைப்பயனும் என்று பிரித்தல் சாத்திரத்திலிருந்து வந்ததன்று, வெட்கத்திலிருந்து வந்தது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் இடையூறாகும் என்று மறைத்து மறைத்து, ஈற்றில் அதற்கொரு தத்துவப் பெயரைச் சூட்டிவிட்டோம்.

நோயின் அளவை நோக்குவோம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயுடன் வாழ்கின்றனர் என்று அது கண்டது. நோய்க்கேற்பச் சிகிச்சையே பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். முதுமையில் வரும் மறதி நோய் தனிக் கணக்கு. 2023இல் வெளியான ஓர் ஆய்வின்படி நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் 88 லட்சம் பேருக்கு அந்நோய் உள்ளது.

இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து அதனை நடத்தினர். அதற்குப் பொருள் தந்தது அமெரிக்க அரசின் தேசிய முதுமையியல் நிறுவனம். நம் பாட்டிமாருக்கு மறதி நோய் உண்டா என்று எண்ணிப் பார்க்க அந்நாட்டுக் குடிமக்களின் வரிப்பணம் வந்தது. அதற்கு நன்றி பாராட்டுவோம். ஆயின் அது நமக்குச் சற்றே கூச்சத்தையும் தரவேண்டும்.

நம் அரசு என்ன தருகின்றது? 2024-25ஆம் ஆண்டின் ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் நிம்ஹான்ஸ், அசாமில் தேஜ்பூர் மனநல நிறுவனம், தொலைபேசி வழி ஆலோசனை தரும் டெலி மானஸ் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது சுகாதார அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டில் நூற்றில் ஒரு பங்கு அளவே. மாநில அரசுகளின் செலவு இதில் சேராது என்பது மெய்யே. எனினும் அந்த ஒரு பங்கிலும் மருத்துவமனை, கல்வி, ஊதியம் எல்லாம் போக எஞ்சுவதே ஆராய்ச்சிக்கு என்பதை நினைவிற் கொள்க.

அரசு தராத தொகையை எவரும் தரவில்லை என்று எண்ணிவிட வேண்டா. அதனை இல்லங்கள் தருகின்றன. மனச்சிதைவு நோயுற்ற மகனுக்காக வேலையைத் துறந்த தாய், மறதி நோயுற்ற மாமியாரைக் குளிப்பாட்டி உடை மாற்றி இரவெல்லாம் கதவடியில் படுத்திருக்கும் மருமகள், தமையனின் நோயால் திருமணம் தள்ளிப்போன தங்கை: இவர்கள் செலுத்துவதும் ஒரு வரியே. அதற்கு ரசீது இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. பெரும்பாலும் அதனைச் செலுத்துவோர் பெண்களாய் இருப்பதால் கணக்கிலும் வருவதில்லை. நம் ஊர்களில் இத்தகைய இல்லம் ஒன்றேனும் இல்லாத தெரு அரிது. நாம் பணியாற்றிய பள்ளியொன்றில், பாடத்தின் நடுவே சில நொடிகள் கண் நிலைகுத்தி நின்றுவிடும் சிறுமி ஒருத்தி இருந்தாள். கவனமில்லாதவள் என்று அவளுக்குப் பெயர். அது வலிப்பு நோயின் ஒரு வகை என்று வேலூர் மருத்துவர் சொன்ன பிறகே அவள் அடிபடுவது நின்றது. நோய் இன்னதென்று எவரோ எங்கோ ஆராய்ந்து அறிந்திருந்தமையால் அச்சிறுமி தப்பினாள். சாத்திர தானம் ஔஷத தானத்துக்கு முற்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் கூடங்களும் கோடிக்கணக்கான விலையுள்ள பொறிகளும் நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டின் மிகச் சிறந்த மூளைக்காப்பு ஆராய்ச்சி ஒன்று உப்பைக் கொண்டு நடந்தது என்பதைப் பலர் அறியார். இமயத்தின் அடிவாரத்தில், இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் மக்களுக்கு முன்கழுத்துக் கழலை மிகுதியாக இருந்தது. மண்ணிலும் நீரிலும் அயோடின் இன்மையே காரணம். அயோடின் குறைந்தால் கழுத்து வீங்குவது மட்டுமன்று; கருவுற்ற தாய்க்கு அது குறைந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை முழுமையாக வளர்வதில்லை. செவிடும் ஊமையுமாய், அறிவு வளர்ச்சி குன்றியோராய்க் குழந்தைகள் பிறந்தனர். இது வேறு தலைமுறைக்கு வேறு காரணத்தால் வந்த சாபம் என்று அவ்வூரார் நம்பியிருக்கக் கூடும். நம்மவர் வினை என்றிருப்பர்.

1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி என்னும் ஆந்திரத்து மருத்துவ அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கச் செய்தனர். சில ஆண்டுகள் பொறுத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பார்த்துக் கணக்கெடுத்தனர். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு தரப்பட்டது. 1962இல் இந்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியதற்கு இவ்வாய்வு அடிப்படையாயிற்று. நம் அடுக்களையில் இன்று இருக்கும் உப்புப் பொட்டலத்தில் அயோடின் என்று அச்சிடப்பட்டிருப்பதன் வரலாறு இதுவே. 2000ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியதும், 2006இல் மீண்டும் கொண்டுவந்ததும் வாசகர்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

வெறும் உப்பு வழங்கப்பட்ட பகுதியின் தாய்மாரை எண்ணும்போது நம் மனம் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. ஒப்பிட்டுப் பாராமல் உண்மை தெரியாது என்பர், அது சரியே. ஆனாலும் அந்த ஆண்டுகளில் அங்கே பிறந்த குழந்தைகளை மறப்பதற்கில்லை. அறிவு இலவசமாக வருவதில்லை என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இவ்வாய்வை ஏதேனும் மருந்துக் கம்பெனி நடத்தியிருக்குமா? உப்பில் என்ன லாபம் இருக்கிறது! லித்தியத்தின் கதையும் அத்தகையதே. களிப்பின் உச்சிக்கும் துயரின் அடிக்கும் மாறி மாறிச் செல்லும் இருமுனை மனநோய்க்கு இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று லித்தியம். அது மண்ணிலிருந்து கிடைக்கும் ஒரு தாதுவின் உப்பு. எவரும் அதற்குக் காப்புரிமை பெற இயலாது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கருகே போர்வீரர்களுக்கான அரசு மனநல மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஜான் கேட் 1949இல் அதன் பயனை வெளியிட்டார். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்பார் 1954 முதல் அதனை முறைப்படி ஆராய்ந்தார். அமெரிக்க அரசு அதனை ஒப்புக்கொள்ள 1970 ஆயிற்று. விற்று லாபம் காண விரும்புவோர் இல்லாத மருந்துக்கு இருபது ஆண்டுகள் காத்திருப்பே கிடைத்தது.

பெரிய கம்பெனிகள் இத்துறையை விட்டு விலகியதும் உண்டு. 2010இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன், ஆஸ்ட்ரா செனக்கா ஆகிய இரண்டும் மனநோய் மருந்து ஆராய்ச்சியைப் பெரும்பாலும் கைவிடுவதாக அறிவித்தன. 2018இல் ஃபைசர் நிறுவனம் அல்சைமர், பார்க்கின்சன் நோய்களுக்குப் புது மருந்து தேடும் முயற்சியை நிறுத்தியது. வணிகரைக் குறை கூற நாம் முற்படவில்லை; நம்மிலும் வணிகர் உளர். பலன் வருமென்று உறுதியில்லாத நிலத்தில் எவர் தொடர்ந்து விதைப்பார்? அத்தகைய நிலத்தை உழுவதற்குப் பொதுப்பணமன்றி வேறு வழியில்லை.

இன்னொரு தடை உண்டு. இருப்போருக்கே சிகிச்சையில்லை, இதில் ஆராய்ச்சி எதற்கு என்பர். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது புதிய மருந்தன்று. இருந்த மருந்தும், சாவி கொண்டுவர ஒரு கையுமே. இத்தடையில் பாதி உண்மை உள்ளது. மறுபாதி என்னவெனில், எப்படிக் கவனித்தால் நோயாளர் தேறுகின்றனர் என்பதும் ஆராய்ந்தே அறியவேண்டியது. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் சென்னையில் மனச்சிதைவு நோயின் தொடக்கத்தில் இருந்த 90 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரத் தொடங்கினர். பத்தாண்டு முடிவில் பெரும்பான்மையோருக்கு நோய்க்குறிகள் தணிந்திருந்தன. இந்நோய் வந்தால் வாழ்வு முடிந்தது என்ற பேச்சுக்கு அது மறுப்பாயிற்று. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்திய டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்றபின் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் அமைத்தார். ஒரு பெண்மணி அக்காலத்தில் அத்தகைய மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியதே பெரிது. ஓய்வுக்குப் பிறகு சிகிச்சையோடு நில்லாமல் ஆராய்ச்சியையும் தொடங்கினார் என்பதை எண்ணி நாம் வியப்பதுண்டு. 2021இல் 98ஆம் வயதில் காலமானார்.

இனிக் கரும்பலகையில் எழுதி வைத்த வினாவுக்கு வருவோம்.

ஜான் கேட் லித்தியத்தை அறிந்த வழி இது: நோயாளரின் சிறுநீரில் ஏதோ நஞ்சு உண்டென்று கருதி, அதனைக் கினிப்பன்றி எனப்படும் சிறு பிராணிகளின் உடலில் செலுத்தினார். பல மாண்டன. பின்னர் லித்திய உப்பைச் செலுத்தியபோது அவை சோர்ந்து அமைதியாகக் கிடந்தன. அதுகண்டு மனிதருக்குத் தரலாம் எனத் துணிந்தார். அந்த அமைதி மருந்தின் நற்பயனன்று, நச்சு ஏறியதன் மயக்கமே என்று பிற்கால அறிஞர் கருதுகின்றனர். ஆக, அச்சிற்றுயிர்கள் தவறான ஒரு காரணத்துக்காகத் துன்புற்றன; சரியான மருந்து தற்செயலாகக் கிடைத்தது. அம்மருந்தால் உயிர் தப்பியோர் உலகெங்கும் பல்லாயிரவர். இரண்டையும் ஒருசேர நினைக்க வேண்டியுள்ளது.

இல்லறத்தாருக்குரிய அணுவிரதத்தில் ஹிம்சை நான்காகப் பகுக்கப்பட்டுள்ளதை அறிவோம். அடுக்களையில் நேர்வது ஆரம்பி, தொழிலில் நேர்வது உத்தியோகி, தற்காப்பில் நேர்வது விரோதி, கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. முதல் மூன்றையும் குறைத்துக்கொள்க, நான்காவதை முற்றும் விடுக என்பதே விதி. ஆய்வுக்கூடத்தில் நடப்பது உத்தியோகி ஹிம்சை, உழவன் ஏரடியில் புழு மடிவது போன்றது என்று கற்றறிந்த நண்பர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். நமக்கு அது ஏற்புடையதன்று. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள். உழவன் புழுவைத் தேடி உழுவதில்லை. புழு இல்லாத நிலம் கிடைத்தால் மகிழ்ந்தே உழுவான். ஆய்வாளரோ எலியை வளர்த்து, எலிக்கு நோயை உண்டாக்கி, எலியையே அறுக்கின்றார். எலி இல்லையேல் அச்செயலே இல்லை. அது சங்கல்பம்தான். பெயரை மாற்றி நம்மை நாமே தேற்றிக்கொள்ளல் ஆகாது. எலியும் குரங்கும் ஐம்பொறியோடு மனமும் உடைய சஞ்ஞி ஜீவன்கள். நம்மைப்போல் மனம் உண்டு என்பதாலேயே மூளை ஆராய்ச்சிக்கு அவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன; அதே காரணத்தாலேயே நம் ஆகமம் அவற்றைக் காக்கச் சொல்கிறது.

அப்படியாயின் ஒதுங்கிவிடலாமா? ஒதுங்க இடமில்லை என்பதே நம் துணிபு. கிருதம், காரிதம், அனுமோதனை என்று வினை மூவழியிலும் வந்து சேரும்: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தார்க்கு உடன்படுதல். நம் பெரியோர் சிலர் மாத்திரைக் குப்பியின் உறை ஜெலட்டினால் ஆனதா, அது எந்த விலங்கின் எலும்பு என்று கேட்டு, உறையைப் பிரித்து உள்ளிருக்கும் தூளை மட்டும் தேனில் குழைத்து உண்பதைக் கண்டிருக்கின்றோம். அவர்தம் விரதத்தை வணங்குகின்றோம். ஆனால் அந்தத் தூள் எவ்வாறு கண்டறியப்பட்டது என்று அவர்கள் கேட்பதில்லை. மருந்தை உண்ணும்போதே அனுமோதனை வந்துவிடுகிறது. வரி கொடுக்கும்போது காரிதமும் வந்துவிடுகிறது. ஆராய்ச்சிக்கு அரசு பொருள் தருவதை நாம் எதிர்த்தால் எலிகள் பிழைக்கப் போவதில்லை. அவ்வேலை தனியார் கூடங்களுக்குள்ளும் வேற்று நாடுகளுக்குள்ளும் போய்ச் சேரும். அங்கே நாம் வினவவும் இயலாது.

பொதுப்பணத்தின் தனிச்சிறப்பு இதில்தான் உள்ளது. எவர் பணமோ அவர் கேட்கலாம். கம்பெனியின் கணக்கேட்டை நாம் புரட்ட முடியாது. அரசு நிதி பெறும் ஆய்வை நோக்கி, எத்தனை உயிர்கள், எதற்காக, வேறு வழி இல்லையா என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுப்பச் செய்யலாம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே, இயன்றவிடமெல்லாம் பிராணிகள் மீதான சோதனை தவிர்க்கப்பட வேண்டும் என்கிறது. அதன்கீழ் 1964இல் ஒரு மேற்பார்வைக் குழுவும் 1998இல் விதிகளும் வந்தன. 2023 மார்ச்சில், புதிய மருந்துகளைச் சோதிக்கும் விதிகள் திருத்தப்பட்டு, விலங்குகளுக்கு மாற்றாக மனித உயிரணுக்கள் முதலியவற்றைக் கொண்ட முறைகளும் நம் நாட்டில் ஏற்கத்தக்கனவாயின. அமெரிக்காவில் அத்தகைய சட்டம் 2022 டிசம்பரில் வந்தது.

மூளைத் துறையில் இம்மாற்றத்துக்குக் காரணம் அருள் மட்டுமன்று. எலிக்கு இல்லாத குரல் காதில் கேட்பதில்லை; கேட்டாலும் அது நம்மிடம் சொல்லாது. பேரன் பெயரை மறந்து கலங்கும் எலி எங்குள்ளது? இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் விலங்கின் உடல் ஓரளவு ஒப்பாகலாம். சொல்லும் நினைவும் குடும்பமும் சேர்ந்த மனித மனத்தின் நோய்க்கு அது மிகவும் ஏழ்மையான ஒப்பு. எலியிடம் பலித்த அல்சைமர் மருந்துகள் பல மனிதரிடம் பலிக்கவில்லை என்பதை அத்துறையினரே ஒப்புகின்றனர்.

நம் நாட்டிலேயே வேறு வழிகள் திறந்துள்ளன. ஒன்றுக்கு மேற்பட்டோர் மனநோயுற்ற குடும்பங்களிடம் அவர்கள் இசைவுடன் சிறிது இரத்தம் பெற்று, அதிலிருந்து மூல உயிரணுக்களை உண்டாக்கி, அவற்றை மூளை உயிரணுக்களாக வளர்த்துக் கண்ணாடித் தட்டில் ஆராயும் திட்டம் ஒன்றைப் பெங்களூரில் நிம்ஹான்ஸும் தேசிய உயிரியல் ஆய்வு மையமும் பிறரும் 2016இல் தொடங்கினர். ஒன்றிய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை அதற்குப் பொருள் தந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம், இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரின் கொடையோடு தொடங்கி, கருவிலேயே உயிர் நீத்த சிசுக்களின் மூளைகளைப் பெற்றோர் இசைவுடன் மெல்லிய ஏடுகளாகச் சீவிப் படமெடுத்து, 5,132 படங்களைத் தரணி என்னும் பெயரில் 2024 டிசம்பரில் உலகோர் எல்லார்க்கும் விலையின்றித் திறந்து வைத்தது. இதனைச் சாத்திர தானம் என்னாமல் வேறென்ன என்பது? பிள்ளையை இழந்த துயரத்தில் இசைவு தந்த அந்தத் தாய்மாரை நாம் நேரில் வணங்க இயலவில்லை.

இவ்வழிகளால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாது. கண்ணாடித் தட்டில் பலித்த மருந்து உடலில் நஞ்சாகுமா என்பதை அறிய இன்றும் பல இடங்களில் விலங்குகளையே நாடுகின்றனர். அவ்வளவில் அந்த இளம்பெண்ணின் வினா விடையின்றியே நிற்கிறது. அதைத் தீர்ந்ததாகச் சொல்ல நாம் ஒருப்படோம். ஆனால் ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும் என்று கேட்கும் உரிமையோடு, அந்நிதியில் குறிப்பிட்ட பங்கு விலங்கின்றி நடக்கும் முறைகளுக்கும், நோயாளரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளுக்கும், காங்கிராவின் உப்பைப்போல் நோய் வருமுன் காக்கும் ஆய்வுகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. அகிம்சையைப் பேசும் சமூகம் அதனைக் கேளாவிடில் வேறு எவர் கேட்பார்? நம் எண்ணிக்கை சிறிது என்று ஒதுங்க வேண்டா. நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் மடலுக்கு எண்ணிக்கை தடையன்று.

கேட்பதோடு கொடுப்பதும் வேண்டும். விலங்கின் மூளைக்கு மாற்று மனித மூளையே எனில், அதனைத் தர வேண்டியவரும் மனிதரே. நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி ஒன்று இயங்கி வருகின்றது. இறந்தோரின் மூளையை உறவினர் இசைவுடன் பெற்று ஆராய்ச்சிக்குக் காத்து வைக்கின்றனர். நோயுற்ற மூளை மட்டுமன்றி, ஒப்பிட்டுப் பார்க்க நோயற்ற மூளையும் அவர்களுக்குத் தேவை. நம் இல்லங்களில் கண் தானம் பழக்கமாகிவிட்டது. உடல் புற்கலம், உயிர் நீங்கியபின் அதன்மேல் பற்று வைத்தல் பிழை என்று கற்ற நமக்கு இது கடினமாய் இருக்க நியாயமில்லை. ஈமச் சடங்குக்கும் இதனால் தடையில்லை, முகமும் மாறுவதில்லை. தடை வேறிடத்தில் உள்ளது. உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்துக் குளிரில் வைத்தாக வேண்டும். மேல்சித்தாமூரிலோ பெரணமல்லூரிலோ ஒருவர் இரவில் காலமானால் பெங்களூர் வரை கொண்டு செல்ல யாரால் முடியும்? வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மூளை தானம் பெறும் வசதியும், அதற்குப் பயிற்சி பெற்ற இருவர் மூவரும், குளிர்காப்புப் பெட்டியும், ஓர் ஊர்தியும் இருந்தால் போதும். இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் இவ்வொன்றைக் கேட்டு மனு எழுதியுள்ளோம். கையொப்பமிட விரும்புவோர் வரும் அட்சய திருதியைக்கு ஜினாலயத்துக்கு வரும்போது மாதர் சங்கப் பெண்டிரிடம் கேட்டுப் பெறலாம்.